வெக்னாவின் கையும் என் பீரோ சாவியும்

வங்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் முதல் கிளையில் ஒரு சீனியர் இருந்தார். ஸ்ட்ராங் ரூம் கதவு முன்னால் நிற்க வைத்து அவர் சொன்ன முதல் பாடம் இது. "தம்பி, ஒரு சாவி உன்கிட்ட இருந்தா இன்னொண்ணு ஹெட் கேஷியர்கிட்ட இருக்கணும். ரெண்டும் ஒரே ஆள் பாக்கெட்ல இருந்தா அது பெட்டகம் இல்ல, பெட்டிக்கடை."

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் ஊராக மாற்றலாகி இப்போது புனேயில் இருக்கிறேன். அந்தப் பாடத்தை ஆபீசில் ஒரு நாளும் மறந்ததில்லை. வீட்டில்தான் மறந்துவிட்டேன். அந்தக் கதையையும், அதனால் நான் தேடிப் படித்த ஒரு வரலாற்றையும் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையன் பதினொன்றாவது படிக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நாலு பசங்க வீட்டுக்கு வருவார்கள். டைனிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு ராத்திரி ஒன்பது வரை ஏதோ பேசுவார்கள், சண்டை போடுவார்கள், பகடை உருட்டுவார்கள். செல்போனைத் தொடாமல் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்களே, போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அவன் மேஜையில் ஒரு நோட்டு கண்ணில் பட்டது. அக்கவுண்டன்சி நோட்டு என்று நினைத்துத்தான் பிரித்தேன். உள்ளே கோடு போட்டு ஒரு பட்டியல். பொருள், கிடைத்த இடம், யார் பொறுப்பு, சாவி எண். நம்ம நகைக்கடன் ரிஜிஸ்டர் மாதிரியே இருந்தது. ஆனால் பொருள்களைப் பார்த்தால்... துண்டிக்கப்பட்ட ஒரு கை. தோண்டி எடுத்த ஒரு கண். எஜமானனிடமே பேசும் ஒரு வாள். பக்கத்தின் அடியில், "இவற்றைச் சேகரித்துப் பூட்டி வைப்பதே நம் அமைப்பின் வேலை. அமைப்பு இருப்பது வெளியே தெரியக்கூடாது."

தங்கமணியிடம் காட்டினேன். "என்னங்க இது, பில்லி சூனியம் மாதிரி இருக்கு" என்றாள். பரீட்சைக்கு வேறு பதினைந்து நாள்தான் இருந்தது. நோட்டு, பகடை எல்லாவற்றையும் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த நாலு பேரில் ஒரு பையனின் அப்பா ராணுவத்தில் இருக்கிறார். அசாமுக்கு மாற்றல். நான் பீரோவைப் பூட்டிய வாரத்து சனிக்கிழமைதான் அவன் புனேயில் இருந்த கடைசி சனிக்கிழமை. இரண்டு வருஷமாக நடந்த கதையை அன்றைக்கு முடிப்பதாக இருந்தார்களாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லையேப்பா. கதையில அந்த அமைப்பும் இதையேதான் செய்யும். ஆபத்துன்னு சொல்லி எடுத்துட்டுப் போவாங்க. ஏன்னு சொல்ல மாட்டாங்க."

மாற்றலாகிப் போகும்போது விட்டுப் பிரிகிற சிநேகிதம் எப்படி வலிக்கும் என்று நம்மை மாதிரி ஊர் மாறிய குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் இந்த விளையாட்டைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். தாயம், பரமபதம் மாதிரி கட்டம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் கதை சொல்வார், அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். நம்ம பாட்டி கதை சொல்லும்போது நாம் குறுக்கே புகுந்து கதையை மாற்றினால் எப்படி இருக்கும், அப்படி.

இது வெளிவந்தது 1974-ல். உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். கைகாக்ஸ் யார் தெரியுமா? சிகாகோவில் இன்ஷூரன்ஸ் அண்டர்ரைட்டர்! 1970-ல் வேலை போயிற்று. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில், வீட்டிலேயே செருப்பு தைத்துக்கொண்டு விதிமுறைகளை எழுதினார். எந்தப் பதிப்பகமும் எடுக்காததால் 1973-ல் பால்ய நண்பர் டான் கேயோடு சேர்ந்து ஆளுக்கு 1,000 டாலர் போட்டு டிஎஸ்ஆர் என்ற கம்பெனியைத் தொடங்கினார். கேய் தன் பங்கைத் தன் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் மேல் கடன் வாங்கித்தான் போட்டார். முதல் பதிப்பு 1,000 பிரதி, விலை 10 டாலர். வாய்ப்புகளை அட்டவணை போட்டு எடை பார்க்கிற அண்டர்ரைட்டர் புத்தி அந்த விதிமுறைகள் முழுக்கத் தெரிகிறது. காமர்ஸ்காரனான எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது அந்தக் கைக்கு வருவோம். 1976-ல் எல்ட்ரிச் விசார்ட்ரி என்ற துணைநூல் வந்தது. எழுதியவர்கள் கைகாக்ஸும் பிரையன் புளூமும். "ஆர்ட்டிஃபாக்ட்" எனப்படும் அபூர்வ மந்திரப் பொருள்கள் இதில்தான் முதலில் வந்தன. அவற்றில் பேர் போனவை வெக்னா என்ற மந்திரவாதியின் கையும் கண்ணும். (2022-ல் வந்த ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் நாலாவது சீசனில் வெக்னா என்று ஒரு வில்லன் வருவானே, பேர் இங்கிருந்து எடுத்ததுதான். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் பெயரிலுள்ள எழுத்துகளை மாற்றிப் போட்டதுதான் வெக்னா.) அந்தக் கையைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் உங்கள் கையை வெட்டிக்கொண்டு அந்த இடத்தில் இதைப் பொருத்த வேண்டும். கண்ணுக்கும் அப்படித்தான். சக்தி கிடைக்கும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

வெக்னாவின் கை ஏன் துண்டானது என்ற கதை இன்னும் சுவாரஸ்யம். காஸ் என்று ஒரு தளபதி, வெக்னாவின் வலது கை மாதிரி இருந்தவன். எஜமானைக் காக்க என்று வெக்னாவே அவனுக்கு ஒரு வாள் செய்து கொடுத்தான். அந்த வாளே "நீ ஏன் ராஜாவாகக் கூடாது?" என்று காஸின் காதில் ஓதியது. காவல்காரன் எஜமானையே வெட்டினான். என் பையன் பட்டியலில் மூன்றாவதாக இருந்த வாள் இதுதான்.

1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் இன்னொரு ஏற்பாடு உண்டு. இந்தப் பொருள்களின் சக்தி என்ன என்பதை முழுதாக அச்சிடாமல் கோடு போட்டு காலியாக விட்டிருந்தார்கள். டன்ஜன் மாஸ்டர் தன் கையால் நிரப்பிக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து புத்தகம் வாங்கிய எவனும் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. சாவி ஒருவரிடம் மட்டும். விளையாட்டில் இது சரிதான், கதைக்கு மர்மம் வேண்டுமே. ஆனால் ஒரே சாவியால் வரும் ஆபத்தை இந்தக் கதைகளே பின்னால் பேசின.

எட் கிரீன்வுட் என்று கனடாக்காரர் ஒருவர், நூலகத்தில் வேலை பார்த்தவர். சிறுவயதில் அவர் கற்பனை செய்த உலகம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற பெயரில் 1987-ல் டிஎஸ்ஆர் வெளியீடாக வந்தது. அதில் கேண்டில்கீப் என்று ஒரு கோட்டை நூலகம். உள்ளே நுழையக் கட்டணம் பணம் இல்லை, அங்கே இல்லாத ஒரு புத்தகம். நூலகத்தில் வேலை பார்த்தவருக்குத்தான் இப்படித் தோன்றும்!

அதே உலகத்தில் ஹார்ப்பர்ஸ் என்று ஒரு ரகசிய அமைப்பு உண்டு. யாழும் நிலாவும் சின்னம். கொடுங்கோலர்கள் கையில் அதிகாரம் குவியாமல் பார்ப்பதும், பழைய அறிவைக் காப்பதும் அவர்கள் வேலை. நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒரு பெரிய பிளவு வந்தது. கெல்பென் என்ற மூத்த மந்திரவாதி, சக்தி வாய்ந்த ஒரு மந்திரச் செங்கோல் எதிரி அமைப்பான செண்டாரிமின் ஃப்சூலுக்குப் போய்ச் சேர இடம் கொடுத்தார். பதிலுக்கு ஒரு ஒப்பந்தம். உலக நன்மைக்குத்தான் செய்தேன் என்பது அவர் கட்சி. கூட இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அமைப்பு அவரைக் குற்றவாளியாக நிறுத்தியது. அவர் வெளியேறி மூன்ஸ்டார்ஸ் என்று இன்னொரு ரகசிய அமைப்பைத் தொடங்கினார்.

வங்கியில் இருப்பவர்களுக்கு இது புரியும். கெல்பென் கெட்டவர் இல்லை. நம் ஆடிட் அறிக்கைகளில் வரும் பல பேரும் அப்படித்தான், நல்ல எண்ணத்தில் ஆரம்பித்தவர்கள். தப்பு எங்கே என்றால், "எனக்குத் தெரியும், மற்றவர்களிடம் கேட்க வேண்டியதில்லை" என்று ஒருவர் நினைக்கிற இடத்தில். அதனால்தான் நமக்கு இரண்டு சாவி, கீ ரிஜிஸ்டர். டூப்ளிகேட் சாவி கூட வேறு கிளையில்.

கதைக்குள் மட்டும் இல்லை, வெளியேயும் இந்த விளையாட்டுக்கு இதுவே நடந்தது. 1979 ஆகஸ்ட்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த 16 வயது மேதைப் பையன் ஒருவன் காணாமல் போனான். அவன் இந்த விளையாட்டு ஆடியவன் என்று தெரிந்ததும், வளாகத்துக்கு அடியில் இருந்த நீராவிக் குழாய்ச் சுரங்கத்தில் விளையாடப் போய் தொலைந்திருப்பான் என்று துப்பறிவாளர் ஒருவர் சந்தேகப்பட, பத்திரிகைகள் ஊதிவிட்டன. சுமார் ஒரு மாதம் கழித்து லூசியானாவில் கிடைத்தான். விளையாட்டு காரணம் இல்லை. படிப்பின் அழுத்தம், தனிமை, மனச்சோர்வு. தேடிய துப்பறிவாளரே 1984-ல் எழுதிய புத்தகத்தில் அதைத்தான் சொன்னார். ஆனால் பையன் 1980-லேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஊரே பகடையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது. அவனை என்ன வாட்டுகிறது என்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி பின்னால் போய்விட்டது.

1980-களில் மகனை இழந்த ஒரு தாய், இந்த விளையாட்டுதான் காரணம் என்று நம்பி எதிர்ப்பு இயக்கமே தொடங்கினார். அந்தத் தாயின் துக்கத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் கணக்கு வேறு சொன்னது. 1990-ல் மைக்கேல் ஸ்டாக்போல் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் ஒரு பதில் அறிக்கை எழுதினார். தற்கொலை செய்துகொண்டவர்களில் இத்தனை பேர் விளையாடியவர்கள் என்று எண்ணினால் மட்டும் போதுமா, மொத்தம் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்பதால் வகுக்க வேண்டாமா என்றார். வகுத்துப் பார்த்தால் அதே வயது மற்ற பிள்ளைகளைவிட இவர்களிடம் விகிதம் அதிகமில்லை.

கம்பெனியும் பயந்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பிசாசு, சாத்தான் என்ற சொற்களைக் காணோம், கூலிக்குக் கொலை செய்யும் பாத்திரத்தையும் காணோம். பிசாசுகள் பிறகு வேறு வாயில் நுழையாத பெயர்களில் வந்தன. 2000-ல் மூன்றாம் பதிப்பில் பழைய பெயர்களே திரும்பின. பூட்டி வைத்த பதினோரு வருஷத்தில் எந்தப் பிள்ளைக்கும் அதனால் பாதுகாப்பு கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

கைகாக்ஸ் கதியைக் கேளுங்கள். 1985-ல் பங்குகள் கைமாறி, தான் ஆரம்பித்த கம்பெனியின் நிர்வாகத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். அவர் கற்பனை செய்த கிரேஹாக் உலகம், அவர் தானே விளையாடிய மார்டென்கைனன் என்ற மந்திரவாதிப் பாத்திரம் எல்லாம் கம்பெனியின் சொத்து. உருவாக்கியவரே அந்தப் பெயர்களைப் பயன்படுத்த முடியாமல் போயிற்று. 1997-ல் அந்தக் கம்பெனியும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டுக்கு விற்கப்பட்டது. கைகாக்ஸ் 2008 மார்ச் 4 அன்று காலமானார்.

இதையெல்லாம் படித்து முடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து முதல்முறையாகக் கேட்டேன். "உன் கதையில அந்த அமைப்பு கடைசியில என்ன ஆகும்?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் நோட்டை எடுத்து வந்து பட்டியலில் ஒரு வரியைக் காட்டினான். வெக்னாவின் கண். பொறுப்பு: தலைவர். சாவி: தலைவர். "மத்த எல்லாத்துக்கும் ரெண்டு பேர் போட்டிருக்கேன் பாருங்கப்பா. இதுக்கு மட்டும் ஒரே பேர். ரெண்டு வருஷமா லிஸ்ட் அவனுங்க கண்ணு முன்னாடிதான் இருக்கு, ஒருத்தனும் கவனிக்கல. கண்ணை அவரே மாட்டிக்கிட்டாரு. கடைசி சனிக்கிழமை அதைக் கண்டுபிடிப்பாங்கன்னு நினைச்சேன்."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஜாயிண்ட் கஸ்டடி பற்றி இவனுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "நீங்கதான். சாப்பிடும்போது எப்பவும் ஆபீஸ் கதைதானே பேசுவீங்க" என்றான்.

அசாம் பையனோடு வீடியோ காலில் அந்தக் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தார்கள். டேபிளில் மூன்று பேர், டம்ளரில் சாய்த்து வைத்த செல்போனில் ஒருவன். நடுவில் இரண்டு முறை லைன் கட் ஆனது. கண்டுபிடித்தது அசாம் பையன்தான். அவன் போட்ட சத்தத்தில் தங்கமணி கிச்சனிலிருந்து ஓடி வந்தாள். நேரில் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பையனுக்கும் தோன்றியிருக்கும், சொல்லவில்லை.

பரீட்சை சமயத்தில் விளையாட்டு வேண்டாம் என்று சொல்வதில் தப்பில்லை, இப்போதும் சொல்வேன். ஆனால் இனிமேல் உட்கார்ந்து பேசி, அவன் தேதி சொல்லி, நான் தேதி சொல்லி முடிவு செய்வதாக ஏற்பாடு. பீரோவின் டூப்ளிகேட் சாவி அவனிடம் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகளிடமிருந்து எடுத்துப் பூட்டி வைத்த ஏதாவது இருக்கும். திறப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். அது என்னவென்று மட்டும் ஒருமுறை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.