ஓட்டைக் காடி

ஓட்டைக் காடி என்பது ஓடித் தேய்ந்து, ஒடுக்கு விழுந்து, அற்ப விலைக்குக் கைமாறும் பழைய மோட்டார் வண்டியைக் குறிக்கும் பேச்சு வழக்காகும். காரைக் காடி என்பது மலேசியத் தமிழரின் அன்றாட வழக்கு; இத்தகைய வண்டியைத் தமிழகத்தார் டப்பா வண்டி என்றும் மலாய்க்காரர் கெரேத்தா புரூக், அதாவது பழுதடைந்த கார், என்றும் கூறுவர். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உருவான ஃபோர்டு மாடல் டி காரை அமெரிக்கர் டின் லிசி எனத் தகரத்தோடு சேர்த்தழைத்ததும், பிசினும் பஞ்சு இழையும் கலந்த உடலுடைய டிராபன்ட் காரைக் கிழக்கு ஜெர்மானியர் பந்தய அட்டை எனக் கேலி செய்ததும் இவ்வகையே.

மலேசியாவில் இவ்வழக்குக்கு மிகப் பொருத்தமான களம் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையாகும். 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டமும் 1933இல் தொடங்கப்பட்ட பாரத் தோட்டமும் அமைந்த இம்மலையில், ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களைச் சுற்றிய சரிவுகளில் தேயிலைக்கு அருகிலேயே முட்டைக்கோசும் தக்காளியும் விளைகின்றன. காய்கறிப் பெட்டிகளைச் சேற்றுத் தடங்கள் வழியே சாலைக்குக் கொண்டுவரும் வேலையை நெடுங்காலமாகப் பழைய லேண்ட் ரோவர்களே செய்து வருகின்றன.

1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான இவ்வண்டியின் உடற்தகடு, போருக்குப்பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியதால், அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. ஓயாத மழையிலும் அத்தகடு துருப்பிடிப்பதில்லை. அடியிலுள்ள எஃகுச் சட்டமோ அரித்துப் போவதால், அரித்த பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து ஓட்டுகின்றனர். பழைய என்ஜின் ஓய்ந்தபின் ஜப்பானிய டீசல் என்ஜின் ஏற்றப்பட்ட வண்டிகளும் உண்டு. கதவு சரியாகச் சாத்தாமலும் கூரைத் துணி கிழிந்தும் இருந்தாலும், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வதாலும் மெதுவாக ஏற உதவும் தாழ்ந்த கியர் தனியே இருப்பதாலும், புதுக் கார்கள் திணறும் செங்குத்தான தடத்தில் இவை சுமையோடு ஏறிவிடுகின்றன. ஆகவே ஓட்டை என்ற அடைமொழியை வெறும் ஏளனமாகக் கொள்வது பிழை. பிழைப்புக்குத் துணைநிற்கும் ஒன்றை உரிமையோடு வைதழைக்கும் தொனியும் அதில் உண்டு.

இலங்கைத் தமிழரிடமும் இதற்கு இணை உண்டு. மரச்சட்ட உடல் பொருத்திய யாழ்ப்பாணத்துப் பழைய வண்டிகள் தட்டிவான் எனப்பட்டன. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அங்குள்ள மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள், சில துளிப் பெட்ரோலால் உயிர்ப்பிக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. அந்நாட்களில் அப்பழங்கார்களே அங்கு நோயாளிகளையும் பயணிகளையும் சுமந்தன.

2016 ஜனவரி 29 அன்று பிரிட்டனின் சொலிஹல் ஆலையில் லேண்ட் ரோவரின் டிஃபெண்டர் உற்பத்தி நிறுத்தப்பட்டதோடு, 1948 முதல் தொடர்ந்த அந்தப் பழைய வார்ப்பு முடிவுக்கு வந்தது. அவ்வார்ப்பின் முற்காலத்து வண்டிகளைச் சேகரிப்போர் இன்று பெருகிவிட்டதால், நன்கு செப்பனிடப்பட்டவை அற்ப விலைக்குக் கிடைப்பதில்லை.