நால்வடியார் ஆட்சியில் மைசூர்

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1884-ல் பிறந்தவர். தந்தை சாமராஜேந்திரர் 1894 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானபோது மகனுக்கு வயது பத்து. தாயார் கெம்பநஞ்சம்மணி எட்டாண்டுகள் ஆட்சிப் பொறுப்பை வகித்தார். 1902 ஆகஸ்ட் 8 அன்று வைஸ்ராய் கர்சன் முன்னிலையில் இளையவர் முழு அதிகாரம் ஏற்றார்.

சீர்திருத்தத்துக்கு விதை அதற்கு முன்பே விழுந்திருந்தது.     1881 மார்ச் 25 அன்று, ஐம்பதாண்டு ஆங்கிலேயர் நிர்வாகம் முடிந்து மைசூர் உடையார்களிடம் திரும்பியது. அக்டோபரில், சென்னை மாகாணத்திலிருந்து வந்த திவான் ரங்காசார்லு பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். நிலக்கிழார்களும் வணிகர்களும் குறை சொல்லலாம், முடிவெடுப்பது அரண்மனை. இந்த வரம்பு நால்வடியாரின் ஆட்சி முழுக்கத் தொடர்ந்தது.

வளர்ச்சியில் அவர் கை தாராளமானது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902 ஜூனில் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் அனுப்பியது. கம்பி ஓடிய தூரம் சுமார் 147 கிலோமீட்டர். அன்றைய உலகின் நெடிய மின்தடங்களில் ஒன்று. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தாது வெட்டிய அந்தச் சுரங்கத்தை நடத்தியது ஆங்கிலக் கம்பெனி. பெங்களூரு தெருவிளக்குகள் மூன்றாண்டு காத்திருந்து 1905 ஆகஸ்டில்தான் எரிந்தன. யாருக்கு முதல் மின்சாரம் என்பதிலேயே சமஸ்தானத்தின் கணக்கு தெரிந்துவிடுகிறது.

கண்ணம்பாடி அணை 1911-ல் தொடங்கியது. தலைமைப் பொறியாளராக இருந்து 1912-ல் திவானான விஸ்வேஸ்வரய்யா அதன் மூளை. சிமென்டுக்குப் பதில் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிக் காரை வைத்து கல்லைக் கட்டினார்கள். மேல்நதியில் புதிய அணை வேண்டுமென்றால் சென்னையின் சம்மதம் தேவை என்றது 1892 ஒப்பந்தம். வழக்காகி, தீர்ப்பாகி, மேல்முறையீடாகி, 1924-ல் புதிய ஒப்பந்தம் வந்தது. நம் மேட்டூர் அணை 1934-ல் நிறைவானதும் அந்த ஒப்பந்தத்தின் தொடர்ச்சியே.

மைசூர் வங்கி 1913-லும், சமஸ்தானம் ஒன்றில் எழுந்த முதல் பல்கலைக்கழகம் 1916-லும் வந்தன. இந்திய அறிவியல் கழகத்துக்கு மைசூர் அரசு சுமார் 371 ஏக்கர் கொடுத்திருந்தது.

மன்னரின் துணிச்சல் தெரிவது மில்லர் குழுவில். அரசு வேலை பெரும்பாலும் பிராமணர்களிடமே இருந்ததால் மற்றவர்கள் முறையிட்டார்கள். 1918-ல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். திறமை ஒன்றே அளவுகோல் என்ற விஸ்வேஸ்வரய்யாவுக்கு இது பிடிக்கவில்லை. அதே ஆண்டு பதவி விலகினார். அணை கட்டித் தந்த திவானை இழந்தாலும் மன்னர் பின்வாங்கவில்லை. உயர்பதவிகளில் பாதியையும் கீழ்ப்பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கையும் ஏழாண்டுகளுக்குள் பிற சமூகங்களுக்குத் தரச் சொன்னது குழு. சென்னையில் நீதிக்கட்சி முதல் வகுப்புவாரி ஆணை பிறப்பித்த 1921-லேயே மைசூரும் இதை ஏற்றது.

ஆட்சியில் பங்கு கேட்டபோது மட்டும் கை இறுகியது. 1938 ஏப்ரல் 25 அன்று கோலார் மாவட்டத்து விதுராஸ்வத்தத்தில், தடையை மீறிக் காங்கிரஸ் கொடியேற்றக் கூடியவர்கள்மீது போலீஸ் சுட்டது. காந்தி ‘ராஜரிஷி’ என்று போற்றிய மன்னரின் ஆட்சியில் நடந்தது இது. திவான் மிர்சா இஸ்மாயிலை மட்டும் பழிப்பது நியாயமாகாது.

அவருடைய வளர்ச்சிப் பணிகளின் பலன் பின்னாளிலும் தெரிந்தது. 1970-களில் பெங்களூருவின் ஓசூர் சாலையில், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராம நிலங்களில் எலெக்ட்ரானிக் சிட்டியைக் கர்நாடக அரசின் மின்னணு நிறுவனமான கியோனிக்ஸ் நிறுவியது. பொறியாளர்களைத் தேடி அது வெளியூர் போக வேண்டியிருக்கவில்லை. மின்சாரம், கல்லூரி, அரசுத் தொழிற்சாலை என்ற அடித்தளம் நால்வடியார் காலத்தது.

அவர் 1940 ஆகஸ்ட் 3 அன்று மறைந்தார். தம்பி மகன் ஜயசாமராஜேந்திரர் அரியணை ஏறினார். நாடு விடுதலை பெற்ற பிறகும் மைசூரில் பொறுப்பாட்சி வரவில்லை. ‘மைசூர் சலோ’ போராட்டம் நடந்த பிறகே, 1947 அக்டோபரில், கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை பதவியேற்றது.