பழைய சாரிக்கு எத்தனை ஆயுள்?

"உடுப்பை வீசாதீங்க, தைச்சுப் போடுங்க" என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மலையகத்துக்கு இது புதுப் பாடம் இல்லை. நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது இது. ஏன் செய்தார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நாவலப்பிட்டிக்கு 1874இல் ரயில் வந்தது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் தொழிலாளிக்குக் கம்பளி கொடுத்தார்கள். சும்மா இல்லை, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். மலையில் மழைக்குத் தலையில் போட்டதும் அதுதான், லயத்தில் ராவைக்குப் போர்த்தியதும் அதுதான். பிற்காலத்தில் புது உடுப்பு என்றால் தீபாவளி முற்பணம் வர வேண்டும். அதுவும் கடன்தான், மாசாமாசம் கழியும்.

அதனால் ஒரு சாரி லேசில் சாகாது. கட்டிப் பழசானதும் மலைக்குப் போகும். பிறகு பிள்ளைக் காம்பராவில் தொட்டிலாகும். அதற்குப் பிறகு ஒட்டுத்துணி, கடைசியில் கரித்துணி.

1970-77இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் நாடு முழுக்கத் துணிக்குத் தட்டுப்பாடு. 1973-74இல் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். அப்போது கிழிசலைத் தைத்தவர்கள் சூழலைக் காப்பாற்றத் தைக்கவில்லை. வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

1977இல் பொருளாதாரம் திறந்தது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. ஏற்கெனவே 1974இலிருந்து பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாட்டுக்கு நாடு கோட்டா வைத்திருந்தன. கோட்டா முடிந்த கம்பனிகள் இலங்கைக்கு வந்தன. 1992இல் பிரேமதாச அரசு கிராமப்புறங்களுக்காக 200 கார்மெண்ட் திட்டத்தைத் தொடங்கியது. மலையகப் பிள்ளைகளும் கொழும்புப் பக்கம் பஸ் ஏறினார்கள். பாட்டி ஒட்டுப் போட்ட கை. பேத்தி தைப்பதோ, யாரோ நாலு தரம் போட்டுவிட்டு வீசப்போகும் சட்டை.

மிச்சமான சட்டைகளும் சின்னப் பிழை உள்ளவையும் நடைபாதைக் கடைக்கு வரும். வெட்டுத்துண்டு கால்மிதியாகும். மற்றதைத் திரும்ப நூலாக்கலாமே என்பீர்கள். 1813இலேயே இங்கிலாந்தின் பாட்லியில் பெஞ்சமின் லோ பழைய கம்பளித் துணியைக் கிழித்து நூலாக்கினார். ஆனால் கிழிக்கக் கிழிக்க இழை குட்டையாகும், புது இழை சேர்க்க வேண்டும். பருத்தியும் பொலியஸ்டரும் கலந்த துணியைப் பிரிப்பது இன்னும் கஷ்டம். இன்று 'மீள்சுழற்சி' என்று எழுதி விற்கும் பொலியஸ்டரில் பெரும்பகுதி பழைய உடுப்பிலிருந்து வருவதில்லை, பிளாஸ்டிக் போத்தலிலிருந்து வருகிறது.

ஆகவே திருத்திப் போடுவதுதான் இப்போதைக்கு உறுதியான வழி. அதைக் குறைந்த கூலிக்காரரின் கடமையாக்கினால் பழைய கதைதான் திரும்பும். கார்மெண்ட்டில் வேலை செய்து ஊர் திரும்பிய கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. சிப் மாற்றவும் கிழிசல் தைக்கவும் அவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும்போது பேரம் பேசாதீர்கள். வறுமை பழக்கிய திறமைக்கு இப்போதாவது உரிய கூலி கிடைக்கட்டும்.