தேர்ச்சி விழுக்காடும் விடுபட்டோர் கணக்கும்: திருப்பூர் மாவட்டத்தை முன்வைத்து

2024ஆம் ஆண்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சி 94.56 விழுக்காடாக இருக்க, திருப்பூர் மாவட்டம் 97.45 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. படிப்பை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போகும் ஊர் என்று பேசப்பட்ட மாவட்டத்தின் இளைஞர்கள் மாறிவிட்டனர் என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது அவசரமாகும்.

தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வெழுதியோருள் வென்றோரின் பங்கு. பள்ளிநிறைவு விகிதம் என்பதோ ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தோருள் உரிய காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தோரின் பங்கு. நூறு பேர் சேர்ந்து, எண்பது பேர் தேர்வெழுதி, எழுபத்தெட்டுப் பேர் வென்றதாகக் கொண்டால், முன்னது 97.5 ஆகவும் பின்னது 78 ஆகவும் அமையும். அமெரிக்க மாநிலங்கள் 2010-11 கல்வியாண்டு முதல், பள்ளி மாறியோரைச் சரிக்கட்டி, இரண்டாவது முறையிலேயே கணக்கிடுகின்றன.

விடுபடுவோரைச் சோம்பேறிகள் என்பது எளிது. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. பின்னலாடைக் கூடங்களின் வாயிற்பலகைகள் ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்களையும், செக்கிங் ஆட்களையும், டெய்லருக்கு உதவும் கைமடி ஆட்களையும் கேட்கின்றனவேயன்றிச் சான்றிதழைக் கேட்பதில்லை. கைமடியாகச் சேரும் சிறுவன் தொழில் பழகிப் பீஸ்ரேட்டுக்குத் தைக்கும் டெய்லராக உயரும் வாய்ப்பு கண்முன் இருக்க, மேல்நிலைச் சான்றிதழின் பயனோ தொலைவில் இருக்கிறது. சட்டமும் இங்கே கைவிடுகிறது: 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிட, 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் அவ்வயதுக்கு மேற்பட்டோரை ஆபத்தான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்குகிறது. 2024ஆம் ஆண்டுத் தேர்வில் மாநில அளவில் மாணவியர் 96.44, மாணவர் 92.37 விழுக்காடு தேர்ச்சி பெற்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறிச் சில ஆண்டு ஒப்பந்தத்தில் இளம்பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்த சுமங்கலித் திட்டம் போன்ற ஏற்பாடுகளில் பள்ளியை இழந்தவர்களுக்கு இத்தகைய விழுக்காட்டில் இடமே இல்லை.

இதே மாவட்டத்தில் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில் 1962இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி, அகில இந்திய நுழைவுத்தேர்வின் வழியே தெரிவானோரை விடுதியில் தங்கவைத்துப் பயிற்றுகிறது. மத்தியக் கல்வி வாரியத்தைச் சார்ந்தமையால் அதன் முடிவுகள் மாவட்டத் தேர்ச்சியில் சேர்வதுமில்லை. வடிகட்டிச் சேர்த்து, வேலைச்சந்தையின் இழுப்பிலிருந்து விலக்கிவைத்த பிள்ளைகள் பள்ளியை முடிப்பதையும், ஷிப்டு முடிந்து திரும்பும் பெற்றோரின் வாடகை வீட்டில் வளரும் பிள்ளை முடிப்பதையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுவது முறையன்று. நிறைவு விகிதம் இளைஞரின் ஊக்கத்தைக் காட்டிலும், அவர்களைச் சூழ்ந்த வேலைச்சந்தையைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது.

மாநிலப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் முறைமையில் தனி எண் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் பதிவான எண்களை நான்காண்டுகள் பின்தொடரப் புதிய கணக்கெடுப்பு எதுவும் வேண்டியதில்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாளிலேயே மாவட்டவாரியான நிறைவு விகிதத்தையும் பள்ளிக் கல்வித்துறை வெளியிட வேண்டும்.