முகப்புரையின் ‘நாம்’: சித்தூர், திருப்பதிப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

இந்திய அரசமைப்பின் முகப்புரை நீதி, தன்னுரிமை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு ஆகிய நான்கினைத் தன் நோக்கங்களாகக் கூறுகின்றது. மொழிபெயர்ப்பாளரை இடர்ப்படுத்துவன இச்சொற்களே என்று கருதுவது இயல்பு. எனினும், தொடக்கத்தில் நிற்கும் தன்மைப் பன்மைப் பெயர் இவற்றினும் நுட்பமான சிக்கலைத் தருகின்றது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியில் இது தெளிவாகப் புலப்படும்.

ஆங்கிலத் தன்மைப் பன்மைப் பெயர் கேட்போரை உளப்படுத்துகின்றதா, விலக்குகின்றதா என்பதைக் காட்டுவதில்லை. இந்தியின் ‘ஹம்’ என்பதும் அத்தகையதே. தமிழில் முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’ வேறு. விலக்கும் ‘நாங்கள்’ வேறு. தெலுங்கிலும் ‘மனமு’ உளப்படுத்துவது, ‘மேமு’ விலக்குவது. தமிழ் முகப்புரை ‘நாம்’ என்று பேச, பரவலாக வழங்கும் தெலுங்கு வடிவம் ‘மேமு’ என்று பேசுகின்றது. மராத்தியும் விலக்கும் வடிவமாகிய ‘ஆம்ஹீ’ என்பதையே ஏற்றது. இவற்றுள் எதனையும் பிழை எனல் இயலாது. ‘மேமு’ என்பது உலகை நோக்கிய அறிவிப்பு. ‘நாம்’ என்பதோ படிப்பவரையும் சட்டம் இயற்றியவருள் ஒருவராக்குவது.

மூலத்தை இயற்றியவர்கள் எதனைக் கருதினர்? 1946 டிசம்பர் 13இல் நேரு முன்மொழிந்து, 1947 சனவரி 22இல் ஏற்கப்பெற்ற குறிக்கோள் தீர்மானம், அதிகாரம் அனைத்தும் மக்களிடமிருந்தே பிறப்பதாகக் கூறிற்று. அதன்மீது பேசிய திருத்தணியில் பிறந்த எஸ். இராதாகிருஷ்ணன், குடியரசு நமக்குப் புதிதன்று என்பதற்குப் பழங்கதை ஒன்றைக் காட்டினார். ‘உங்கள் அரசர் யார்’ எனத் தக்காண மன்னன் வினவ, எம்முள் சிலரைக் கணங்களும் சிலரை அரசரும் ஆள்கின்றனர் என வடநாட்டு வணிகர் விடையிறுத்தனராம். (தெலுங்கின் ‘கணதந்த்ர’ என்பதில் அந்தக் ‘கணம்’ உள்ளது, தமிழ் ‘குடி’யைத் தேர்ந்தது.) 1949 அக்டோபர் 17இல் முகப்புரை விவாதிக்கப்பட்டபோது, ‘கடவுளின் பெயரால்’ எனத் தொடங்க வேண்டும் என்ற எச்.வி. காமத்தின் திருத்தம் தோல்வியுற்றது. ஆக, எழுவாய் மக்கள் மட்டுமே. ஆனால் அவையின் மாகாண உறுப்பினர், வரம்புடைய வாக்குரிமையால் அமைந்த சட்டமன்றங்களின் வழியே தேர்வானவர்கள். வாக்களிக்காத பெரும்பான்மையோரின் பெயரால் அவர்கள் பேசினர் என்பதை நோக்கின், வரலாற்று முறையில் ‘மேமு’ சற்று நேர்மையானது என்றும் வாதிடலாம். நோக்கத்தைத் தெரிவிப்பதில் ‘நாம்’ என்பதே பொருந்துகின்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இச்சொல்லின் எல்லை சித்தூரில் விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. கிராமத்தை அலகாகவும், மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்ட படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1959இல் எல்லைச் சட்டம் இயற்றப்பெற்றது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அச்சட்டம் நிறைவேறிய காலத்தில் மக்களவைத் தலைவராக விளங்கியவர் சித்தூர்த் தொகுதி உறுப்பினரான அனந்தசயனம் அய்யங்கார், திருச்சானூரில் பிறந்தவர், அரசமைப்பு நிர்ணய அவையிலும் இருந்தவர். எல்லையை மாற்றும் அதிகாரத்தை 3ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கே அளிக்கின்றது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும். எல்லைக் கிராமத்தாரின் வாக்கெடுப்பு தேவையில்லை.

ஆந்திரத்திலேயே தங்கிவிட்ட தமிழர்க்கு, 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் சேர்ந்த 350அ உறுப்பு துணையாகின்றது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறுதற்குப் போதிய வசதிகளை அளிக்க மாநிலமும் உள்ளாட்சியும் முயலவேண்டும் என்கின்றது அது. இங்கு எழுவாய் மாநிலம், வினை ‘முயலுதல்’. முகப்புரையில் ‘நாம்’ எனத் தன்மையில் நின்றவர், இவ்வுறுப்பில் ‘சிறுபான்மையினர்’ எனப் படர்க்கையில் நிற்கின்றார்.