புள்ளியிடும் கை

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடா, ஒரு காலத்தில் பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் விமானத் தளமாக விளங்கியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த இடங்களுள் அதுவும் ஒன்று. 1957இல் பிரித்தானியர் தம் தளங்களைக் கையளித்து வெளியேறினர். இன்று அங்கே இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகம் இயங்குகிறது. அங்கு பறக்கப் பழகும் ஓர் இளைஞன் குடாவின் மேலே வானில் ஒரு வட்டம் இடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அது முழுவட்டமா, நீள்வட்டமா, தொடங்கிய உயரத்திலேயே முடிந்ததா? கேள்வியைக் கேட்டு முடிக்குமுன் வட்டம் மறைந்துவிடுகிறது. எஞ்சுவது, கீழே நின்று பார்த்தவர் தாளில் குறித்த ஓர் எண் மாத்திரமே.

மறைந்துபோகும் ஒன்றுக்குப் புள்ளியிடுவது எவ்வாறு? அப்புள்ளி நியாயமானதென்று எவ்வாறு அறிவது? வான்சாகசப் போட்டியாளரும் அவர்களைப் பின்பற்றி மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவோரும் பல்லாண்டுகளாக இக்கேள்வியுடன் மல்லாடி வந்திருக்கின்றனர். இந்த விளையாட்டுக்கும் நம் வகுப்பறைகளுக்கும் என்ன தொடர்பென்று வாசகர் வினவலாம். வானத்து வட்டங்களுக்காக அவர்கள் கண்டுபிடித்த அதே கணக்குத்தான், 1970களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலில் நின்றபோது அவர்களுடைய விடைத்தாள்களின்மேல் போடப்பட்டது. ஆகவே, விளையாட்டை முதலில் விளங்கிக்கொள்வோம்.

மாதிரி விமானச் சாகசப் போட்டியில் விமானத்தின் நீளமும் இறக்கை அகலமும் இரண்டு மீற்றரைத் தாண்டலாகாது. எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. விமானி தரையில் நின்று வானொலி அலைகளால் அதனைச் செலுத்துகிறார். அவருக்குப் பின்னே நடுவர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். ஒவ்வொரு சாகசத்துக்கும் பத்திலிருந்து தொடங்கிக் குறைகளுக்கேற்பக் கழித்து வருவது முறை. கோடு பதினைந்து பாகை கோணினால் ஏறக்குறைய ஒரு புள்ளி போய்விடும். எஞ்சிய புள்ளி அச்சாகசத்தின் கடினத்துக்குரிய எண்ணால் பெருக்கப்படும். விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் நூற்றைம்பது மீற்றர் தொலைவில், வெயில் கண்ணைக் கூசவைக்கும் வானில், கோணல் பன்னிரண்டு பாகையா பதினெட்டா என்று சொல்வது கண்தானே? அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒரு மனம் இருக்கிறது. அந்த மனத்துக்கு நாடு உண்டு, நட்பு உண்டு, பெரிய பெயரின் முன் பணியும் பழக்கமும் உண்டு. முதலில் பறப்பவனுக்குக் கைகாத்துப் புள்ளியிடுவதும், சென்ற முறை வென்றவனுக்குச் சந்தேகத்தின் பலனை அளிப்பதும் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஆயினும் அவை நிகழ்கின்றன.

ஆள் ஏறிப் பறக்கும் விமானங்களின் உலகச் சாகசப் போட்டி வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1960இல் பிராத்திசிலாவாவில் நடந்த முதற்போட்டியில் வென்றவர் செக்கோசிலோவாக்கியரான லதிசுலாவ் பெசாக். 1962இல் புடாபெஸ்டில் வென்றவர் ஹங்கேரியரான தோத். 1964இல் ஸ்பெயினின் பில்பாவோவில் ஸ்பானியரான கஸ்தான்யோ. 1966இல் மொஸ்கோவில் சோவியத் வீரர் மார்த்தெமியானொவ். 1968இல் கிழக்கு ஜேர்மனியின் மக்டபேர்க்கில் கிழக்கு ஜேர்மனியரான பிளாஹா. ஐந்து போட்டிகள், ஐந்து நாடுகள். ஐந்திலும் வீட்டுக்காரனே வெற்றியாளன்! 1970இல் இங்கிலாந்தில் சோவியத் வீரர் யெகோரொவும், 1972இல் பிரான்சில் அமெரிக்கரான ஹிலார்டும் வென்றதால் அத்தொடர் அறுந்தது. ஆனால் 1976இல் கீவ், 1978இல் செஸ்கே புதெயோவிட்சே, 1980இல் அமெரிக்காவின் ஒஷ்கோஷ் என மூன்றிடத்திலும் மீண்டும் உள்ளூர்க்காரரே முடிசூடினர். பத்துப் போட்டிகளில் எட்டு.

இதைக் கண்டவுடன் நடுவர் எல்லாரும் கள்வர் என்று முடிவுகட்டுவது அவசரபுத்தி. சொந்த மண்ணில் பறப்பவனுக்குக் காற்றின் போக்குத் தெரியும். தன் விமானத்தைக் கழற்றிக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை. எனினும் ஒன்றை நாம் மறைக்கலாகாது. முதலாளித்துவ நாட்டு நடுவன்தான் பக்கம் சாய்வான், சோசலிச நாட்டு நடுவன் சாயான் என்று நம்மிற் சிலர் ஒரு காலத்தில் பேசியதுண்டு. மேலே உள்ள பட்டியலில் மொஸ்கோவும் இருக்கிறது, ஒஷ்கோஷும் இருக்கிறது.

மாதிரி விமானங்களின் உலகப் போட்டியும் 1960இலேயே சுவிற்சர்லாந்தின் டூபென்டோர்பில் தொடங்கியது. அங்கே கதை வேறு. ஐரோப்பிய மண்ணில் நடந்த அம்முதற்போட்டியில் வென்றவர் அமெரிக்கரான கஸ்மிர்ஸ்கி. 1967இல் கோர்சிகாவில் வென்ற பில் கிராப்ட்டும் அமெரிக்கரே. அவ்வாண்டுகளில் வானொலிக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் தொழில் அமெரிக்காவில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கிராப்ட் அக்கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றையே நடத்தியவர். அவர் திறமையைக் குறைத்துச் சொல்வதன்று நம் நோக்கம். ஆனால் நடுவனின் கை எவ்வளவு நேராக இருந்தாலும், போட்டி தொடங்குமுன்பே ஒருவன் கையில் நல்ல கருவியும் மற்றவன் கையில் பழங்கருவியும் இருந்தால், புள்ளித்தாள் அந்த வேற்றுமையை நேர்மையாகவே பதிவு செய்யும். இதனை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும்.

சாய்வை ஒழிக்க முதலில் கையாண்ட முறை எளியது. அதிகூடிய புள்ளியையும் அதிகுறைந்த புள்ளியையும் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி எடுப்பது. பின்னர் தாரசோவ், பவுவர், லோங் என்ற மூவரின் பெயரால் வழங்கும் புள்ளிவிபர முறை வந்தது. அதன் உள்ளீடு இதுதான்: ஒரு நடுவர் தாராளமானவர், எல்லாருக்கும் எட்டு எட்டாக வழங்குகிறார், இன்னொருவர் கஞ்சர், ஆறுக்கு மேல் ஏறமாட்டார். ஒருவர் புள்ளிகளை அகலப் பரப்புவார். மற்றவர் ஒரே இடத்தில் குவிப்பார். எனவே ஒவ்வொரு நடுவரின் புள்ளிகளையும் ஒரே சராசரிக்கும் ஒரே பரவலுக்கும் கொண்டுவந்து, அதன் பின்னரும் மற்றையோரோடு சற்றும் பொருந்தாது துருத்திநிற்கும் புள்ளியை நீக்கிவிட வேண்டும். ஆள் ஏறும் விமானப் போட்டிகளில் இன்னும் ஒருபடி சென்று, போட்டி முடிந்தபின் நடுவருக்கே சுட்டெண் கணித்து அவர்களையும் வரிசைப்படுத்தினர். புள்ளியிடுபவனுக்கும் புள்ளி!

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில், விஞ்ஞானப் பாடங்களில் தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்குப் புள்ளிகளை அள்ளி வழங்குகின்றனர் என்றொரு குற்றச்சாட்டு எழுந்தது. அது ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 227 புள்ளி பெற்றாற் போதும் என்றும், தமிழ் மொழிமூல மாணவர் 250 பெறவேண்டும் என்றும் எல்லை வகுக்கப்பட்டது. இவ்வளவு அப்பட்டமான வேற்றுமை கண்ணை உறுத்தவே, 1973இல் அதற்கு விஞ்ஞான உடை அணிவிக்கப்பட்டது. ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளையும் ஒரே சராசரிக்கும் ஒரே பரவலுக்கும் கொண்டுவருவது என்றனர். இதற்குத் தரப்படுத்தல் என்று பெயர். அந்த அரசில் இடதுசாரிக் கட்சிகளும் அமர்ந்திருந்தன என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

வான்போட்டியின் கணக்கும் தரப்படுத்தலின் கணக்கும் ஒன்றே. அப்படியாயின் அங்கே நியாயமாக இருப்பது இங்கே எவ்வாறு அநியாயமாயிற்று?

போட்டிக் களத்தில் வரிசையாக அமர்ந்த நடுவர் அனைவரும் ஒரே விமானங்களை, ஒரே காற்றில், ஒரே வேளையில் பார்க்கின்றனர். ஆகவே ஒருவரின் சராசரி ஆறாகவும் மற்றவரின் சராசரி எட்டாகவும் இருந்தால் அவ்வேற்றுமை நடுவருடையதே. பறந்தவனுடையதாக இருக்க வழியில்லை. பரீட்சையிலோ தமிழ் விடைத்தாள்களை ஒரு சாரார் திருத்தினர், சிங்கள விடைத்தாள்களை இன்னொரு சாரார் திருத்தினர். எந்த மாணவனின் தாளும் இரு சாராரின் கைக்கும் போகவில்லை. சராசரிகள் வேறுபட்டால் காரணம் பரீட்சகரின் கையாகவும் இருக்கலாம், பாடசாலையின் ஆய்வுகூடமாகவும் இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். அனைத்தையும் பரீட்சகரின் தலையிலே கட்டி, மாணவனின் புள்ளியிலே கழித்தனர். இரு மொழியும் வல்ல ஆசிரியர் சிலரைக் கொண்டு இரு சாராரின் தாள்களிலும் ஒரு பகுதியை மறுபடி திருத்தி ஒப்பிடுவதே கையின் சாய்வை அளக்கும் நேர்வழி. குற்றச்சாட்டை உரக்கச் சொன்னவர்களுக்கு அந்த அளவைத் தேடும் பொறுமை இருக்கவில்லை.

திருகோணமலைக்கு இதனால் விளைந்தது தனியே நோக்கத்தக்கது. தமிழ் மொழிமூலத்தின் விஞ்ஞானச் சராசரியை உயர்த்தியவை பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகள். மிசனரிகளும் அவர்களுக்குப் போட்டியாக எழுந்த சைவக் கல்லூரிகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டியெழுப்பிய வசதி அது. மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்த பாடசாலைகளுக்கு அத்தகைய ஆய்வுகூடம் ஏது? ஆனால் மொழிமூலம் ஒன்றாகையால், யாழ்ப்பாணத்தின் ஆய்வுகூடத்துக்காக மூதூர் மாணவனின் புள்ளியும் இறக்கப்பட்டது. தமிழில் படித்த முஸ்லிம் பிள்ளைகளும் இதற்குத் தப்பவில்லை. ஏழைக்குச் சலுகை என்ற பெயரில் வந்த தராசு, ஏழையை அவன் பேசிய மொழியைக் கொண்டே செல்வனாகக் கணித்தது.

1974இல் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ப இடங்களைப் பங்கிடும் முறையும் உடன் சேர்ந்தது. திருகோணமலை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு இதனால் வாசல் சற்றுத் திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. இம்முறையை முன்னையதோடு ஒன்றாகக் குழப்பி இரண்டையும் ஒரே மூச்சில் சபிப்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கிராப்ட்டின் கருவியை நினைவுகூர்க. வசதியின் வேற்றுமையை வேற்றுமை என்று பகிரங்கமாகச் சொல்லி ஈடுசெய்வது ஒன்று. பரீட்சகன் பொய்யன் என்று சொல்லி, கணக்கின் திரைக்குப் பின்னே இனத்தைக் கழிப்பது முற்றிலும் வேறொன்று. ஒரே மாணவனை ஒரு கை தூக்கியது, மறு கை அழுத்தியது; எந்தக் கை எவ்வளவு பலமானது என்று அவனுக்கே விளங்கவில்லை. அந்த விளங்காமையின் விலையை நாடு பின்னர் இரத்தத்தால் செலுத்தியது. தரப்படுத்தல் மாத்திரமே போருக்குக் காரணம் என்று எழுதுவோர் வரலாற்றைச் சுருக்குகின்றனர். ஆனால் 1970களில் நியாயமான பரீட்சை என்ற நம்பிக்கையை இழந்த இளைஞரின் கோபம் சிறிதன்று.

மொழிவாரித் தரப்படுத்தல் 1977இல் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது. சராசரியும் பரவலும் கொண்ட கணக்கோ போகவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ‘இசற் புள்ளி’ என்ற பெயரில், பாடத்துக்குப் பாடம் உள்ள கடினத்தை ஈடுசெய்யத் திரும்பி வந்தது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு சாராரும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு சாராரும் தோற்றினர். வெவ்வேறு வினாத்தாளுக்கு விடையெழுதிய அவ்விரு சாராரையும் கலந்து புள்ளி கணிக்கவே, மாணவர் உயர் நீதிமன்றம் சென்றனர். இரு சாராரையும் தனித்தனிக் கூட்டங்களாகக் கொண்டு மீண்டும் கணிக்குமாறு நீதிமன்றம் 2012இல் கட்டளையிட்டது. யாரை யாரோடு ஒப்பிடலாம் என்ற கேள்வியை இந்நாட்டில் முதன்முதலாக ஒரு புள்ளித்தாளுக்காக நீதிமன்றப் படியேற்றியவர்கள் இம்மாணவர்களே என்று சொல்லமாட்டோம். ஆனால் அவர்கள் வென்று திரும்பினர்.