காற்றுப் போன சில்லு

சரித்திரம் என்றால் அரண்மனையும் போர்க்களமும் மட்டுந்தானா? பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியோடு கூடுகின்ற எங்கள் செங்கலடிச் சந்தியில், தண்ணீர்ச் சட்டிக்குள் சைக்கிள் ரியூப்பை அமுக்கிக் குமிழி வரும் இடம் தேடுகின்ற மனிதருக்கும் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு.

காற்றடைத்த சில்லுக்கு 1845 ஆம் ஆண்டிலேயே ரொபேர்ட் தொம்சன் என்பார் உரிமம் பெற்றிருந்தார். உலகம் அதை மறந்துவிட்டது. 1888 இல் பெல்பாஸ்ற் நகரின் மிருக வைத்தியர் டன்லொப், தம் மகனின் முச்சக்கரவண்டிக்காகச் செய்து பார்த்த ரயரே நிலைத்தது. ஆனால் அந்த ரயர் சில்லோடு ஒட்டப்பட்டிருந்தது. முள் குத்தினால் பிரித்து, ஒட்டுப் போட்டு, மீண்டும் ஒட்டிக் காயவிட வேண்டும். வழிப்போக்கனுக்கு அது ஆகுமா? 1891 இல் பிரான்சின் மிச்செலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய ரயரைச் செய்தார்கள். அவ்வாண்டே பாரிசிலிருந்து பிரெஸ்ற் சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் ஓட்டத்தில், அந்த ரயரோடு சென்ற சார்ள்ஸ் தெரொன் மூன்று நாள்களுக்குள் ஓடி வென்றார். காற்றை அடைத்தது ஒரு கண்டுபிடிப்பு என்றால், அது போனபின் தெருவோரத்திலேயே சரிசெய்ய வழி கண்டது மற்றொன்று.

இந்தக் கதையில் நமது நாட்டுக்கும் பங்குண்டு. 1876 இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றில் 1,900 க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. உலகம் சைக்கிளில் ஏறியபோது, ரயருக்கான மரம் இங்கே வேரூன்றிவிட்டது.

ரயரே பயனற்றுப் போனால்? 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய யப்பானியப் படையினர் சைக்கிள்களில் தெற்கே விரைந்தார்கள். ரயர்கள் கிழிந்தபோது அவற்றை வீசிவிட்டு வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தை எதிரிகள் தாங்கிகளின் இரைச்சல் என்று எண்ணியதுமுண்டு.

என் தகப்பனாருக்கு அந்த இரைச்சல் உதவியிராது. 1996 ஆம் ஆண்டு, பெரும்போக அறுவடை முடிந்த சமயம். படுவான்கரைப் பள்ளியொன்றில் படிப்பித்த அவர், அன்று என்னையும் சைக்கிள் பாரில் ஏற்றிச் சென்றிருந்தார். திரும்பும்போது முன் சில்லில் முள் ஏறிவிட்டது. பையிலிருந்த சொலிசன் காய்ந்துபோயிருந்தது. பொழுது சாயுமுன் சோதனைச் சாவடியைக் கடந்தாக வேண்டும்.

"மனே, அந்த வைக்கலக் கொஞ்சம் அள்ளிற்று வா" என்றார்.

ரயரின் ஒரு பக்கத்தைக் கழற்றி, காற்றில்லாத ரியூப்பைச் சுற்றி வைக்கோலை இறுக்கி அடைத்தார். வண்டி குலுங்கிக் குலுங்கி உருண்டது. நான் பின்னால் ஓடினேன்.

சாவடியில் சிப்பாய் ஒருவர் ரயரை அமுக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. உள்ளே என்ன என்று கேட்டார். "பிதுரு, மாத்தயா" என்றார் தகப்பனார். வைக்கோலுக்குச் சிங்களச் சொல் அது. நம்பாமல் கழற்றச் சொன்னார்கள். துப்பாக்கிகளின் முன்னே குந்தியிருந்து கழற்றினார். அவர் கைகள் நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். வைக்கோல் கொத்தாக வெளியே வந்தது. சிப்பாய் ஒரு தாளை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு சிரித்து, "யன்ன" என்றார், போகலாம்.

அந்தச் சிப்பாயும் வயல் பார்த்து வளர்ந்தவராக இருக்கலாம். வைக்கோலின் மணம் எங்களுக்காகச் சாட்சி சொன்னது.

தகப்பனார் மறைந்துவிட்டார். வகுப்பில் 'எச்சம்' என்ற சொல்லைப் படிப்பிக்கும்போதெல்லாம், அந்த ரயருக்குள் தங்கிக் கிடந்த நாலைந்து வைக்கோல் தாள்கள் எனக்கு நினைவு வருகின்றன. சந்தியில் மறுநாள் ஒட்டுப் போட்டவர்தான் அவற்றை உதறி எறிந்தார்.